சுருங்கிப்போன பெயர்ப்பலகை

"டிப்ளமா, மேடம். வெறும் டிப்ளமா. அதைக் கொண்டுவந்து எம்.பி.ஏ.ன்னு காட்டினா அதுக்குப் பேரு மோசடி. போலீஸ் கேஸ்தான்."

சொல்லிவிட்டு வசந்தகுமார் சுழல் நாற்காலியில் சாய்ந்து அரை வட்டம் அடித்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கும் வடமதி காஸ்டிங்ஸ் கம்பெனியின் மனிதவளத் தலைவர் அவர். மனிதர்களை வளமாக வைத்திருப்பதுதான் அவருடைய வேலை என்று யாராவது நினைத்தால், பாவம், அவர்கள் இன்னும் வேலைக்குப் போகாதவர்கள்.

எதிரே உட்கார்ந்திருந்தது நாங்கள் இருவர். ஒருவர் துப்பறியும் மெஹர்னிசா. பொன்னேரியில் பிரியாணிக் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ். குடும்பம் பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம். அதனால் எது கெட்டுப்போயிருக்கிறது என்று அக்கா மூக்கிலேயே கண்டுபிடித்துவிடுவார் என்று நான் கிண்டல் செய்வதுண்டு. இன்னொருவன் நான், பாக்கியராஜ், அவருடைய உதவியாளன். பி.ஏ. பொருளாதாரத்தோடு நிறுத்திக்கொண்டவன். அதற்கு மேல் படித்திருந்தால் இந்த வசந்தகுமாரைப் போல ஆகியிருப்பேனோ என்று நினைக்கும்போதே உடம்பு நடுங்கியது.

விஷயம் இதுதான். பூமிகா இந்தக் கம்பெனியில் பிளானிங் மேனேஜர். பொன்னேரிக்குப் பக்கத்தில் நெல் வயல் வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். வேலைக்கு விண்ணப்பித்தபோது கம்பெனி வெப்சைட்டில், முதுகலைப் படிப்பு என்ற இடத்தில் எம்.பி.ஏ.வைத் தவிர வேறு எதையும் தேர்ந்தெடுக்க வழியே இல்லை. அவள் படித்தது பி.ஜி.டி.எம். அதுவும் இரண்டு வருட நிர்வாகப் படிப்புதான், பெயர்தான் வேறு. ஊரெல்லாம் சொல்வதுபோல அவளும் எம்.பி.ஏ. என்பதை அழுத்திவிட்டாள்.

போன வாரம் மும்பைத் தலைமை அலுவலகத்துக்கு ஒரு மொட்டை போன். பூமிகா வைத்திருப்பது எம்.பி.ஏ. இல்லை, பி.ஜி.டி.எம்., ஏமாற்றுகிறாள் என்று ஒரு ஆண் குரல். உடனே சஸ்பெண்ட். இன்று சாயந்திரம் ஆலைத் தலைவர் கோபால் போலீஸ் புகாரில் கையெழுத்துப் போடப்போகிறார். அதற்குள் அந்தப் போன் யார் வேலை என்று கண்டுபிடித்தாக வேண்டும் என்று பூமிகா எங்களிடம் வந்திருக்கிறாள். இல்லாவிட்டால் பூமிகாவுக்கு வேலையும் போய், மோசடிக்காரி என்ற பெயரும் வந்து சேரும். அப்புறம் இந்தச் சிப்காட்டில் எந்தக் கம்பெனியும் அவளை கேட்டுக்கு உள்ளே விடாது.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார்," என்றார் மெஹர்னிசா அப்பாவியாக. "ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?"

அவ்வளவுதான். மனிதர் பொழிய ஆரம்பித்தார்.

"மேடம், டிகிரின்னா அதை யூனிவர்சிட்டி மட்டும்தான் குடுக்கலாம். எம்.பி.ஏ. டிகிரி. தனியா நடக்கற இன்ஸ்டிட்யூட், எவ்ளோ பெருசா இருந்தாலும், எம்.பி.ஏ. குடுக்க முடியாது. அவங்க குடுக்கறது போஸ்ட் கிராஜுவேட் டிப்ளமா, அதான் பி.ஜி.டி.எம். சில பேர் பி.ஜி.பி.ம்பாங்க, சில பேர் பி.ஜி.டி.பி.எம். அப்புறம் எம்.எம்.எஸ்., எம்.ஐ.பி., எம்.எச்.ஆர்.எம்., எக்ஸிக்யூட்டிவ் எம்.பி.ஏ..."

"ஒரே மாவுல இட்லி, தோசை, ஊத்தப்பம்னு சொல்லுங்க," என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் பி.ஏ.வே ரத்தாகியிருக்கும்.

"நல்லா சொன்னீங்க சார். இவ்ளோ விவரமா யாரும் சொன்னதில்ல," என்று மெஹர்னிசா எழுந்தார்.

வெளியே வந்ததும் அக்கா நடக்காமல் அங்கேயே நின்றுவிட்டார். அறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு பெயர்ப்பலகை. ‘ஜி. வசந்தகுமார், தலைவர் – மனிதவளம்.’ அவ்வளவுதான்.

"இன்னாக்கா, போர்டைப் போய் பாத்துகினு நிக்கிற? அதுல இன்னா க்ளூ?"

"போர்டைப் பாக்கல. சுவரைப் பாரு."

பார்த்தேன். பலகைக்கு வலது பக்கம் சுவரின் பெயிண்ட் பளிச்சென்று புதிதாக இருந்தது. மற்ற இடமெல்லாம் ஃபேக்டரிப் புகை படிந்து பழுப்பாகியிருந்தது. அந்தப் பளிச்சின் கடைசியில் ஆணி ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்த தடம். முன்னால் அங்கே இருந்த பலகை இதைப்போல இரண்டு மடங்கு நீளம்.

"இந்த ஜில்லாவுல போர்டு நீளும். சுருங்கி நீ எங்கனா பாத்திருக்கியா?" என்றார் அக்கா.

பார்த்ததே இல்லை. நம்மாள் பட்டத்தை வாங்குவதே போடுவதற்குத்தான். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் ஒரு வரி, அவன் பட்டம் இரண்டு வரி. கோயிலுக்கு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால் அதன் மேல் பட்டத்தோடு பெயரை எழுதி வெளிச்சமே வராமல் செய்துவிடுவார்கள். கண்ணீர் அஞ்சலி பேனரில் செத்துப்போனவர் பெயரைவிட அமெரிக்காவில் இருக்கும் பேரனின் எம்.எஸ். பெரிதாக இருக்கும். அப்படிப்பட்ட மண்ணில் ஒரு மனிதர் தன் பெயருக்குப் பின்னால் இருந்ததைத் தானே கழற்றிப்போட்டிருக்கிறார் என்றால், சும்மா இருக்குமா?

கேட்டுக்கு எதிரே மணியம்மாளின் டீக்கடை. உள்ளே விடமாட்டார்கள் என்பதால் பூமிகா அங்கேதான் காத்திருந்தாள். காலையில் வாங்கிய டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"இன்னா சொன்னாரு மேடம்? கேஸ் குடுத்துடுவாங்களா? ஊட்ல அப்பா வயலுக்குக்கூட போவல. யார்னா கேட்டா இன்னா சொல்றதுன்னு உள்ளயே உக்காந்துனுகீறாரு."

"உக்காரும்மா," என்று அவள் தோளைத் தொட்டு உட்கார வைத்துவிட்டு, அக்கா மணியம்மாளிடம் திரும்பினார். "ஏம்மா, இந்த கம்பெனில டை கட்டினு வர்றவங்கல்லாம் இன்னா படிச்சவங்க?"

"அல்லாரும் எம்.பி.ஏ. தான்மா," என்றாள் மணியம்மாள், டீயை ஆற்றிக்கொண்டே.

"ஸ்டோர்ஸ்காரரு?"

"எம்.பி.ஏ."

"அவரு எம்.காம்.," என்றாள் பூமிகா.

"இருந்துட்டுப் போட்டும். டை கட்டறாருல்ல?"

"செக்யூரிட்டி ஆபீசரு?" என்று நான் கேட்டேன்.

"அவரு மிலிட்டரில எம்.பி.ஏ., நைனா."

பூமிகாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மெஹர்னிசா சிரிக்கவில்லை. "கேட்டியா பாக்கியராஜ்? இந்த ஊர்ல அல்லாருக்கும் அல்லாமே எம்.பி.ஏ. போன்ல பேசினவன் மட்டும் பி.ஜி.டி.எம்.னு சரியா பிரிச்சு சொல்றான். வேற எவனாவது பொறாமைல பண்ணிருந்தா, போலி சர்டிபிகேட், காசு குடுத்து வாங்கினான்னு இன்னா வேணா சொல்லிருப்பான். யாருக்கு அந்த எடத்துல வலிக்குதோ அவனுக்குத்தான் அந்த எடம் தெரியும்."

"உள்ள ஒருத்தர் இப்பதான் தூக்கத்துல கேட்டாகூட சொல்ற மாதிரி ஒப்பிச்சாரே," என்றேன்.

அக்கா பூமிகாவைப் பார்த்தார். "உங்க எச்.ஆர். ரூம் வாசல்ல முன்னாடி வேற போர்டு இருந்துச்சா?"

"ஆமா மேடம். நீளமா இருக்கும். எம்.ஏ., எம்.பி.ஏ., இன்னும் என்னென்னமோ. அதுல எம்.பி.ஏ. மட்டும் கோல்டு கலர்ல. மேனேஜருங்க அல்லாரோட சர்டிபிகேட்டும் திரும்ப செக் பண்ணப்போறோம்னு மும்பைலேர்ந்து மெயில் வந்துச்சில்ல, அந்த வாரம்தான் மாத்தினாரு. சிம்பிளா இருக்கட்டும்னாரு."

"அந்த போன் வந்தது?"

"அதுக்கு அப்புறம்."

"பழைய போர்டு எங்க?"

பூமிகாவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. தன் பெயர் பொறித்த பலகையைக் குப்பையில் போடுகிற ஆள் இந்த ஜில்லாவில் இன்னும் பிறக்கவில்லை. "ஊட்லதான் இருக்கும்க்கா. சாமி ரூம்ல வச்சுப் பூஜை பண்ணினாலும் ஆச்சரியம் இல்ல."

வசந்தகுமார் வேப்பம்பட்டில் புது வீடு கட்டியிருப்பதும், கிரகப்பிரவேசத்துக்குக் கம்பெனியையே அழைத்ததும் பூமிகாவுக்குத் தெரியும். இடம் கேட்டுக்கொண்டு கிளம்பினோம். கவரைப்பேட்டை, பெரியபாளையம் வழியாக லாரிகளின் புழுதியைக் குடித்துக்கொண்டே என் ஸ்கூட்டர் ஓடியது. பின்னால் உட்கார்ந்த அக்காவிடம் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தேன். அவருக்கு எம்.பி.ஏ.வே கிடையாது, எங்கேயோ போலி வாங்கியிருக்கிறார், சாயந்திரம் கம்பி எண்ணப்போகிறார் என்று என் தீர்ப்பை நான் எழுதி முடித்துவிட்டேன்.

வேப்பம்பட்டு ஸ்டேஷனைத் தாண்டி மூன்றாவது தெரு. தேடவே தேவைப்படவில்லை. கேட் தூணில் இடம் போதாமல் காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் நீண்டிருந்தது அந்தப் பலகை. பூமிகா சொன்னபடியே எம்.பி.ஏ. தங்க நிறத்தில் மின்னியது.

மணி அடித்ததும் வசந்தகுமாரின் மனைவி ஜோதிலட்சுமி வந்தாள். கையில் வெண்டைக்காய், முகத்தில் சந்தேகம்.

"வணக்கம்மா," என்றேன். "சார் படிச்ச காலேஜ்ல பழைய மாணவர் சந்திப்பு. பெரிய பதவிக்கு வந்தவங்களை மேடைல கவுரவிக்கறோம். சாரு எந்த பேட்ச்சுன்னு மட்டும் கன்ஃபார்ம் பண்ணிக்கலாம்னு."

சந்தேகம் போன இடம் தெரியவில்லை. "வாங்க, வாங்க! நாகவல்லி காலேஜா? பெரியபாளையம் ரோட்டுல கீதே, அதானே? அவரு அங்க மொத பேட்ச். எப்பவும் சொல்லிக்கினே இருப்பாரு, நாங்கதான் மொத பேட்ச்சுன்னு."

நான் அப்படியே நின்றுவிட்டேன். நாகவல்லி இன்ஸ்டிட்யூட் ஆஃப் மேனேஜ்மெண்ட். பூமிகா படித்ததும் அதே காலேஜ்தான். மத்திய அரசின் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் அனுமதியோடு நடக்கிறது, ஆனால் யூனிவர்சிட்டி கிடையாது. அங்கே அன்றும் இன்றும் கொடுப்பது பி.ஜி.டி.எம். ஒன்றுதான்.

"இந்த போர்டு அழகா இருக்கேம்மா," என்றார் மெஹர்னிசா.

"ஆபீஸ்ல மாட்டினு இருந்தது. இன்னாவோ வேணாம்னு கழட்டியாந்து கட்டில் கீழ போட்டுட்டாரு. நான்தான் சண்ட போட்டு இங்க மாட்ட வச்சேன். படிச்சதைப் போட்டுக்க இன்னா வெக்கம்?" வெண்டைக்காயை மறந்துவிட்டு அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேடைல சால்வை போடுவீங்களா?"

"போடுவோம்மா," என்றார் அக்கா. குரல் கொஞ்சம் தாழ்ந்துதான் வந்தது. அந்தப் பெண்மேல் எனக்கும் கோபம் வரவில்லை. கோபம் எல்லாம் கட்டிலுக்கு அடியில் பலகையை ஒளித்தவன்மேல் இருந்தது.

தெருமுனைக்கு வந்ததும் நான் குதித்தேன். "மாட்டினான் ஆளு! இவனே டிப்ளமா, இவன் அடுத்தவளை டிப்ளமான்றான்! போய் கோபால்கிட்ட போட்டு உடைக்கலாம் வாக்கா!"

"உடைச்சா?"

"உடைச்சா அவன் வேலை போவும்!"

"பூமிகா வேலை?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வசந்தகுமாரின் பட்டம் மோசடி என்றால் பூமிகாவினுடையதும் மோசடி. அதே காலேஜ், அதே படிப்பு, அதே எம்.பி.ஏ. என்ற பெயர். நாங்கள் இவ்வளவு தூரம் வந்து எங்கள் கட்சிக்காரியின் கழுத்துக்கே சுருக்கைக் கொண்டுபோகிறோம்.

"சே! இன்னாக்கா இது பேஜாரு," என்று தலையில் கை வைத்தேன்.

"வண்டியை எடு," என்றார் மெஹர்னிசா. "நாம அவரைக் குற்றம் சொல்லப் போவல. அவரை வக்கீலா வைக்கப் போறோம்."

சிப்காட்டுக்குத் திரும்பியபோது ஷிப்ட் மாறிக்கொண்டிருந்தது. கேட்டில் நிறுத்தினார்கள். மெஹர்னிசா நேராக கோபாலுக்குப் போன் போட்டு, கையெழுத்துக்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி, அதற்கு அப்புறம் உங்கள் இஷ்டம் என்றார். கோபால் மரியாதை தெரிந்த மனிதர், வம்பு என்றால் ஒதுங்கிப்போகிற மனிதரும்கூட. பூமிகாவையும் சேர்த்து உள்ளே விடச் சொன்னார்.

கோபாலின் அறையில் புகார் தயாராக மேஜைமேல் இருந்தது. பேனாவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வசந்தகுமார் பக்கத்தில் நின்றார். பூமிகாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கேளுங்க மேடம்," என்றார் கோபால்.

"வசந்தகுமார் சார்கிட்டதான் கேள்வி. நாகவல்லி காலேஜ் பி.ஜி.டி.எம். படிச்சவங்க தன்னை எம்.பி.ஏ.ன்னு சொல்லிக்கினா அது மோசடிதானே?"

"நோ டவுட். காலையிலயே சொன்னேனே."

"யாரா இருந்தாலும்?"

"யாரா இருந்தாலும்!"

"மொத பேட்ச்சா இருந்தாலும்?"

பேனா அப்படியே அந்தரத்தில் நின்றது. கோபால் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க ஊட்டு கேட்ல போர்டு நல்லா இருக்கு சார்," என்றார் மெஹர்னிசா மெதுவாக. "எம்.பி.ஏ. மட்டும் கோல்டு கலரு. உங்க வீட்டம்மா ரொம்ப நல்லவங்க. ஒரே கேள்வி, ரெண்டு பதில்ல ஒண்ணு சொல்லுங்க. அது மோசடின்னா கோபால் சார் ரெண்டு பேர் மேலயும் கையெழுத்துப் போடணும். மோசடி இல்லன்னா, இன்னான்னு நீங்களே விளக்குங்க."

வசந்தகுமாரின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. அவர் கோபாலைப் பார்த்தார், புகாரைப் பார்த்தார், கடைசியில் வாய் திறந்தார். அடடா, அதற்குப் பிறகு வந்ததே ஒரு பேச்சு!

"சார், அது வந்து... தப்பா எடுத்துக்கக் கூடாது. அது முழுநேர ரெண்டு வருஷக் கோர்ஸ் சார். கவுன்சில் அனுமதி இருக்கு. யூனிவர்சிட்டி இல்லாததால பேரு மட்டும்தான் டிப்ளமா. பாடம் அதேதான். எம்.பி.ஏ.வுக்குச் சமம்னு ஏத்துக்கிட்ட படிப்பு சார் அது. அதை வச்சு பி.எச்டி.கூட சேரலாம். கவர்மெண்ட் வேலைக்கே எடுத்துக்கறாங்க. அதைப்போய் மோசடின்னு சொல்றது படிச்சவங்களைக் கேவலப்படுத்தறது சார்!"

அத்தனையும் மனப்பாடம். எத்தனை வருடமாகப் படுக்கையில் புரண்டு புரண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரோ! பூமிகா ஹைகோர்ட் வக்கீலை வைத்திருந்தால்கூட இவ்வளவு அழகாக வாதாடியிருக்க மாட்டார்.

"ரொம்ப நன்றி சார்," என்றேன் நான். "உங்க ஃபீஸ் எவ்ளோ?"

"அல்லாம் தெரிஞ்சுகினேவா மும்பைக்கு போன் பண்ணீங்க?" என்றார் மெஹர்னிசா.

மறுக்க அவர் வாயெடுத்தார். கோபால் மேஜைமேல் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். "வசந்த்! ஆமாவா, இல்லையா?"

காலையில் இருந்த இங்கிலீஷ் எல்லாம் மனிதரிடமிருந்து இறங்கிப்போய்விட்டது. "பயந்துட்டேன் சார். அல்லாரையும் செக் பண்றாங்கன்னதும் என்னையும் நோண்டுவாங்கன்னு... ஒருத்தரைப் புடிச்சுக் குடுத்துட்டா எச்.ஆர். கறாரா கீறாரு, அவரை இன்னா செக் பண்றதுன்னு உட்டுடுவாங்கன்னு நெனைச்சேன் சார். இந்தப் பொண்ணு எங்க காலேஜுன்னு தெரியும். ஈசியா இருந்துச்சு."

ஈசியாக இருந்ததாம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அக்கா என் சட்டையைப் பிடிக்காமல் இருந்திருந்தால் நானும் ஒரு போலீஸ் கேஸில் மாட்டியிருப்பேன். படிப்பு விஷயத்தில் அந்த ஆள் தப்பே செய்திருக்கவில்லை என்பதுதான் கொடுமை. ஒழுங்காகப் படித்து, ஒழுங்காகத் தேறி, அது சமம்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அதைச் சொல்ல வெட்கப்பட்டு ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்கு அனுப்பத் துணிந்தவன், மனிதவளத்துக்குத் தலைவன்.

கோபால் புகாரை நான்காகக் கிழித்துப் போட்டார். வசந்தகுமாரிடம், "நாளைக்கு மும்பைக்கு நீயே பேசு, இப்ப சொன்னதெல்லாம் அங்க சொல்லு. உன்னை வச்சுக்கறதா வேணாமான்னு அவங்க சொல்லட்டும்," என்றார். பிறகு பூமிகாவைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார்.

"சாரிம்மா. நாளைலேர்ந்து வந்துடு. ரெகார்டுல எம்.பி.ஏ.ன்னே இருக்கட்டும், இன்னாத்துக்கு வீண் வம்பு?"

"வேணாம் சார்," என்றாள் பூமிகா.

அறையில் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம்.

"பி.ஜி.டி.எம்.னு மாத்துங்க சார். நான் படிச்சது அதுதான். மார்க் வாங்கினது அதுலதான். ஒரு வாரமா எங்கப்பா எதுக்கு வெளிய வராம உக்காந்துகினு இருந்தாரு? எம்பொண்ணு இன்னா படிச்சான்னு நாலு பேருக்கு முன்னாடி அவரு நல்லா சொல்லணும். வெப்சைட்லயும் சேருங்க. எனக்கு அப்புறம் வர்ற பொண்ணு எதை அழுத்தறதுன்னு முழிக்கக் கூடாது."

கோபால் தலையாட்டினார். மெஹர்னிசா முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்தார். நான் பார்க்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வசந்தகுமார் மட்டும் தலையைக் குனிந்தபடி நின்றுகொண்டிருந்தார். பூமிகா அவர் எதிரே போய் நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றும் நினைத்தேன். ஆனால் அவள் காலேஜில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள்.

"நம்ம காலேஜ் பேரைச் சொல்ல எனக்கு வெக்கமே இல்ல," என்றாள். "நான் வரேன், சீனியர்."